இராகமும் இயந்திரமும்

கலைப்படைப்பு ஒன்றின் வரலாறு அது வெளிவந்த நாளோடு நிறைவுறுவதில்லை. அதனைக் கேட்டோர் யாது கூறினர், யாது கூறாது விட்டனர், எப்பெயரிட்டு அழைத்தனர் என்பனவும் அவ்வரலாற்றின் கூறுகளேயாகும். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் போல மௌனமும் ஒரு மதிப்பீடே. இவ்வுண்மையை விளக்குதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய இரண்டு இசைத்தட்டுகள் தக்க சான்றுகளாகும். ஒன்று, ஜேர்மனியர் மூவர் 1973ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலே பதிவுசெய்து 1974 பெப்ரவரியில் வெளியிட்ட ‘பீட்ரா’ என்பது. மற்றையது, 1982ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் வாசித்தளித்த, ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய இசைத்தட்டு. இரண்டும் சிந்தசைசர் எனப்படும் மின்னிசைக் கருவியால் ஆக்கப்பட்டவை. இரண்டும் பிறந்த நாட்டிலே போதிய கவனம் பெறாது, பிறநாட்டிலே பெயர்பெற்றவை. இவற்றுள் முன்னையதை ஒப்புநோக்குக்காகவும் பின்னையதை ஆய்பொருளாகவும் கொண்டு, திறனாய்வு எங்கே செவியைத் துணைக்கொள்கின்றது, எங்கே பெயரை மட்டும் பற்றிக்கொள்கின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தது. தோலோ துளையோ நரம்போ கஞ்சமோ அதிர, அவ்வதிர்வே ஒலியாக எழும். சிந்தசைசரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மின்னோட்டத்தின் அலைவே அங்கு ஒலியின் வித்து. அவ்வலைவை வடித்தும் வளைத்தும் குறுக்கியும் நீட்டியும் வாசிப்பவன் தான் வேண்டிய குரலை ஆக்கிக்கொள்கின்றான். அமெரிக்கரான றொபேர்ட் மூக் 1964ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு செயல்வடிவம் அளித்தார். இதனோடு இணைந்த மற்றொரு பொறி, முன்னரே குறித்துவைத்த சுரங்களை வாசிப்பவனின் விரல் தொடாமலே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது. அதனைச் சீக்குவென்சர் என்பர். கை ஓய்ந்த பின்னும் ஓயாத இப்பொறியே பின்வந்த கருத்து மோதல்கள் பலவற்றுக்கும் மூலமாயிற்று.

எட்கார் புறோசே என்பார் 1967ஆம் ஆண்டில் மேற்கு பேர்லினில் தொடங்கிய குழு ‘ரான்ஜரீன் டிறீம்’. அதன் தொடக்க கால இசைத்தட்டுகள் ஜேர்மனியிலே சிறு வட்டத்தினரால் மட்டுமே கேட்கப்பட்டன. ஆங்கிலேய வானொலி அறிவிப்பாளர் ஜோன் பீல் அவற்றைத் தம் நிகழ்ச்சியில் ஒலிபரப்பி, 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆற்றெம்’ என்ற இசைத்தட்டை அவ்வாண்டின் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றினார். அதன் பயனாக ஆங்கில நிறுவனமான வேர்ஜினின் ஆதரவு குழுவுக்குக் கிடைத்தது. ‘பீட்ரா’ பிறந்தது இவ்வாறே. ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் அதன் தலைப்பு இசையில், கிறிஸ்தோபர் பிராங்கே இயக்கிய மூக் கருவியின் சீக்குவென்சர் தாழ்ந்த சுரங்களை இடையறாது துடிக்கச் செய்ய, அதன் மேல் ஏனைய ஒலிகள் மூடுபனி போலக் கவிந்து கலைகின்றன. பாடல் இல்லை; பறை கொட்டுவார் இல்லை; மனத்தில் நிற்கும் மெட்டு என ஒன்றைச் சுட்டுதலும் அரிது. எனினும் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது 15ஆம் இடம்வரை உயர்ந்தது. தாய்நாட்டில் அத்தகைய வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை.

இவ்விசைக்கு இட்ட பெயர்களை உற்று நோக்குதல் பயன் தரும். ஜேர்மனியில் இதனைப் ‘பிரபஞ்ச இசை’ என்ற பொருளில் ‘கொஸ்மிஷே முசிக்’ என்றனர். ஆங்கிலப் பத்திரிகைகளோ, ஜேர்மனியர் உண்ணும் புளித்த கோவாவின் பெயரால் போர்க்காலத்தில் வழங்கிய ஏளனச் சொல்லொன்றை எடுத்து, ‘கிறவுட்றொக்’ என்று அழைத்தன. ஒரு பெயர் இசையை விண்ணுக்கு ஏற்றிற்று. மற்றையது அதனை உணவுத் தட்டுக்கு இறக்கிற்று. இரண்டுமே இசையின் அமைப்பைப் பற்றி யாதும் கூறுவனவல்ல. ‘பௌஸ்ற்’ என்ற ஜேர்மன் குழுவினர் 1973ஆம் ஆண்டிலேயே அவ்வேளனப் பெயரைத் தம் இசைக்கோவை ஒன்றுக்குத் தலைப்பாகச் சூட்டி ஏளனத்தைத் திருப்பியடித்தனர். பெயரிடுவோன் கேட்பவன் அல்லன் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

‘பீட்ரா’ பற்றிய மதிப்பீட்டில் இன்னுமொரு செய்தி குறிப்பிடத்தக்கது. அக்காலத்து மின்னலைவுக் கருவிகள் வெப்பநிலை மாறுந்தோறும் சுருதி பிறழும் இயல்பின. அப்பிறழ்வின் சுவடு இசைத்தட்டிலேயே பதிந்துள்ளது. இயந்திர இசையை வெறுத்தோர், மனிதக் கை இல்லாத இடத்தில் உயிர் எவ்வாறு இருக்கும் என வினாவினர். விரும்பியோரின் செவிக்கோ, இயந்திரத்தின் அச்சிறு பிழையே உயிர்த்துடிப்பாகப் பட்டது. இவ்விரு சாராரும் கருவியைப் பற்றியே வழக்காடினர். அதன்கண் எழுந்த இசையின் வளர்ச்சி, முரண், முடிவு ஆகியவற்றைப் பேசியோர் ஒப்பளவில் சிலரே. புதிய கருவி எங்குத் தோன்றினும் முதலில் நிகழ்வது இதுவேயாம்.

இந்தியாவிலே சிந்தசைசர் எண்பதுகளில் வந்திறங்கிய புதுமை என்று கருதுதல் பிழை. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடரின் துணையுடன் மூக் கருவியோடு கூடிய ஒலிக்கூடம் நிறுவப்பட்டது. ‘பீட்ரா’ வெளிவருதற்கு ஐந்தாண்டு முன்னரே இந்திய இளைஞர் அங்கு மின்னிசை அமைத்தனர். அவர்கள் பதிவுசெய்த நாடாக்கள் பல்லாண்டுகள் பேழையுள் உறங்கின. பிரித்தானியக் கலைஞர் போல் பேர்காஸ் அவற்றை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்த பின்னர், 2023ஆம் ஆண்டில் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. தன் வீட்டுப் பேழையைத் திறக்கப் பிறர் வரும்வரை காத்திருக்கும் வழக்கத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. சரண்ஜித் சிங்கின் வரலாறு மற்றோர் எடுத்துக்காட்டு.

சரண்ஜித் சிங் 1940ஆம் ஆண்டு பிறந்தவர். அறுபதுகள் தொடக்கம் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிற்றாரும் விசைப்பலகைக் கருவிகளும் வாசித்தவர். சங்கர் - ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் ஆகிய இசையமைப்பாளர்களிடம் அவர் பணியாற்றினார். திரையிசையில் பாடகர் பெயரைப் பலர் அறிவர். இசையமைப்பாளர் பெயரை அவ்வாறே அறிவர். வாத்தியம் வாசிப்போர் பெயரை அறிவோர் இலர். இந்திய அரசின் வானொலி 1952ஆம் ஆண்டில் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலியே அவற்றைக் கடல் கடந்தும் ஒலிக்கச் செய்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் தொடக்கம் வடஇந்தியச் சிற்றூர்கள் வரை அவ்வொலிபரப்பைச் செவிமடுத்த எண்ணிலடங்கா மக்கள் பம்பாய் வாத்தியக்காரரின் வாசிப்பைப் பெயரறியாமலே கேட்டுப் பழகினர். சரண்ஜித் சிங்கும் அத்தகைய பெயரறியப்படாதவருள் ஒருவராகவே நெடுங்காலம் இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தித் திரையுலகை டிஸ்கோ அலை மூடிற்று. 1980இல் ‘குர்பானி’யும் 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’உம் அவ்வலையின் முகடுகள். அவ்வேளையில் யப்பானிய நிறுவனமான றோலண்ட் புதிதாக வெளியிட்ட மூன்று கருவிகள் சரண்ஜித் சிங்கின் கைக்கு வந்திருந்தன. ‘ஜூபிற்றர் 8’ என்ற சிந்தசைசர் ஒன்று, ‘ரி. ஆர். 808’ என்ற தாளப்பொறி ஒன்று, ‘ரி. பி. 303’ என்ற தாழ்சுரப்பொறி ஒன்று. தபலாவை விலக்கி, அவ்விடத்தில் டிஸ்கோவின் மாறாத அடியை வைத்து, அதன் மேல் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தால் யாது விளையும் என அவர் எண்ணினார். அவ்வெண்ணமே இசைத்தட்டாயிற்று. பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக மல்கார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி எனும் பத்து இராகங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிட அளவில் அதில் அமைந்துள்ளன. இந்தியக் கிராமபோன் கம்பனி அதனை வெளியிட்டது. வாங்குவார் அரியராயினர், இசைத்தட்டு வழக்கொழிந்தது.

இம்மௌனத்துக்குக் காரணங்கள் உள. சாஸ்திரீய இசையுலகம் தலைப்பிலிருந்த ‘டிஸ்கோ’ என்ற சொல்லோடு நின்றுவிட்டது. டிஸ்கோவை விரும்பிய இளைஞரோ பாடலும் நடிகரும் இல்லாத வாத்திய இசையை நாடவில்லை. கடைக்காரனுக்கும் இதனைச் சாஸ்திரீய இசைப் பகுதியில் வைப்பதா, திரையிசைப் பகுதியில் வைப்பதா என்பது ஐயமே. இவற்றின் அடியில் ஆழமான வேறொரு காரணமும் இருந்தது. விசைப்பலகைக் கருவியின் மீது இந்திய இசைமரபு கொண்ட ஐயுறவு பழையது. ஆர்மோனியம் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாதது, அதன் சுருதிகளும் இராகத்துக்குரியன அல்ல என்ற காரணங்களால், 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடக்கம் 1971வரை அனைத்திந்திய வானொலி அதனை விலக்கியே வைத்திருந்தது. ஆர்மோனியத்தையே முப்பது ஆண்டுகள் வாயிலில் நிறுத்திய உலகம், மின்னாற் பாடும் பொறியை வரவேற்கும் என எதிர்பார்த்தல் இயலாது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் 2002ஆம் ஆண்டில் டில்லிக் கடையொன்றில் இத்தட்டைக் கண்டெடுத்தார். பின்னர் ஆசிரியரையே தேடிச் சென்று சந்தித்து, தம் ‘பொம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் வாயிலாக 2010இல் அதனை மீள வெளியிட்டார். அன்றைய மௌனம் அடியோடு மாறிற்று. ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகள் வியப்புக் குரல் எழுப்பின. வியப்புக்குரிய பொருள் யாதெனின், இராகம் அன்று, ஆண்டே. அமெரிக்க நகரான சிக்காகோவிலே ‘பியூச்சர்’ என்ற குழு 1987இல் வெளியிட்ட ‘அசிட் ட்ராக்ஸ்’ என்ற நடன இசையிலிருந்து ‘அசிட் ஹவுஸ்’ எனும் இசைவகை தோன்றிற்று என்பது வழங்கி வந்த வரலாறு. அதே ‘ரி. பி. 303’ பொறியின் நெளிந்தோடும் ஒலி ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் கேட்டதாயின் வரலாறு திருத்தப்பட வேண்டும் என்றனர். இத்தட்டு போலி என்றும், அண்மையில் யாரோ ஒருவர் செய்து பழையதென ஏமாற்றுகின்றனர் என்றும் ஐயுற்றோரும் உளர். ஐயம் நீங்கியதும் சரண்ஜித் சிங் ‘அசிட் ஹவுஸின் தந்தை’ ஆக்கப்பட்டார். முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் அவர் அப்பத்து இராகங்களையும் வாசித்தார். 2015 ஜூலை 5ஆம் நாள் பம்பாயில் மறைந்தார்.

மறக்கப்பட்ட கலைஞன் ஒருவன் தன் வாழ்நாளிலேயே மதிக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. பௌமனின் உழைப்பும் நன்றிக்குரியது. ஆயினும் அப்பாராட்டின் தன்மையை ஆராயாது ஏற்றல் தகாது. முதலாவதாக, முந்தியிருத்தல் என்பது காலத்தின் இயல்பேயன்றிக் கலையின் இயல்பன்று. விடிவதற்கு முன் கூவிய சேவலுக்கு விடியலை ஆக்கிய புகழை எவரும் அளிப்பதில்லை. சிக்காகோ இளைஞர் பம்பாய்த் தட்டைக் கேட்டதற்குச் சான்று இல்லை. பம்பாய்க் கலைஞருக்குப் பின்வரும் சிக்காகோ இசையைப் பற்றிய கனவும் இல்லை. தந்தை என்றால் மரபுத் தொடர்ச்சி வேண்டும். ஈண்டு அது காணப்படவில்லை.

இரண்டாவதாக, ஒப்புமை எங்கிருந்து வந்தது? இரு நாட்டாரும் கையாண்ட பொறி ஒன்றே. கிற்றார் வாசிப்போன் தனித்துப் பயிலும்போது தாழ்சுரத் துணையாக ஒலித்தற்கென்று 1981இல் செய்யப்பட்டது ‘ரி. பி. 303’. அப்பணிக்கு அது பொருந்தவில்லை. 1984இலேயே அதன் உற்பத்தி நின்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லவும், வேண்டிய சுரத்தை அழுத்தி ஒலிக்கவும் அதில் வாய்ப்புண்டு. அவ்வழுக்கல் இருவர் இசைக்கும் பொதுவாயிற்று. பொதுவானது கருவியின் குரல், வேறானது கருத்து. சிக்காகோ இசையில் ஒரு சிறு தொடரே திரும்பத் திரும்ப வந்து, அதன் ஒலிநிறம் மாறுவதே இசையின் பொருளாகின்றது. சரண்ஜித் சிங்கின் இசையிலோ அத்தாழ்சுரத் தொடர் துணை மட்டுமே; அதன் மேல் எழும் இராகமே பொருள். துணையைப் பொருளாகவும் பொருளை அணியாகவும் கொள்வது, வீட்டைப் பார்க்கச் சென்றவன் திண்ணையை மட்டும் அளந்து திரும்புவது போன்றதாம்.

மூன்றாவதாக, போலி என்ற ஐயமும் ஒரு திறனாய்வே. புதிய யப்பானியப் பொறி வெளிவந்த சில மாதங்களிலேயே பம்பாய் வாத்தியக்காரர் அதனை ஆளக் கற்றிருத்தல் கூடுமோ என்ற ஐயத்தின் உள்ளே, புதுமை ஒரு திசையிலிருந்தே புறப்படும் என்ற எண்ணம் ஒளிந்துள்ளது. திரையிசைக் கூடங்களில் நாள்தோறும் புதிய ஒலியைத் தேடி உழைத்தோர் புதிய கருவியை உடனே நாடினர் என்பது அவ்வுலகை அறிந்தோர்க்கு வியப்பாகாது.

அங்ஙனமாயின் இவ்விசைத்தட்டை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? அதன் தலைப்பே வழி காட்டுகின்றது. இராகம் என்று கூறியமையால் இராகத்தைக் கொண்டே அளத்தல் முறை. தமிழ்க் கேட்போன் இங்கும் பெயரால் மயங்காதிருத்தல் நன்று. இந்துஸ்தானித் தோடி கருநாடக இசையின் தோடி அன்று. அதன் சுரங்கள் நம்மிடையே சுபபந்துவராளி என வழங்கும் இராகத்துக்கு உரியவை. இந்துஸ்தானிப் பைரவியின் சுரங்களோ நமது தோடியின் சுரங்களாம். யமன் கல்யாணியோடும், பூபாலி மோகனத்தோடும், மால்கௌன்ஸ் இந்தோளத்தோடும், கலாவதி வலசியோடும், பைராகி ரேவதியோடும் ஒப்புமையுடையன. ஒரே பெயர் இரண்டு இராகங்களைச் சுட்டுவதும், ஒரே இராகம் இரு பெயர் பெறுவதும் நமது இசையிலேயே கண்கூடாயிருக்க, ‘அசிட் ஹவுஸ்’ என்ற பெயரைக் கண்டு பொருளை முடிவுகட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

பத்தினுள் பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகியவை ஐந்து சுரங்களால் அமைந்தவை. ஐந்து சுரங்களின் தேர்வும் வரிசையுமே இவற்றின் முகத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். விசைப்பலகையின் சமப்பகிர்வுச் சுருதியிலும் இவற்றின் உருவம் சிதைவது குறைவு. மாறாத் தாளத்தின் மேல் இவை துள்ளி நடக்கும்போது, கேட்பவன் இராகத்தை இனங்காண இடர்ப்படான். லலித்தும் தோடியும் அத்தகையன அல்ல. லலித்தில் இரு மத்தியமங்களும் அடுத்தடுத்து வர, பஞ்சமம் விலக்கப்படுகின்றது. தோடியின் காந்தாரம் வழக்கமான கோமள காந்தாரத்தினும் தாழ்ந்து நிற்பது. இந்நுட்பங்களே அவ்விராகங்களின் உயிர். சிந்தசைசரின் வழுக்கல் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு இணைக்கும். ஆயின் சுரத்தையே அசைத்து, நிழலிட்டு, நெருங்கியும் நெருங்காமலும் நிறுத்தும் கமகத்தை முற்றாகத் தருவதில்லை. எனவே இவ்விரண்டிலும் இராகத்தின் எலும்பு தெரிகின்றது, தசை குறைகின்றது.

இன்னுமொரு குறை காலத்தைச் சார்ந்தது. இராகம் மெல்லத் தொடங்கி மெல்ல விரிவது. தாளமற்ற ஆலாபனையில் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே விரைவில் அடிக்கும் பொறி அவ்விரிவுக்கு இடந்தராது. ஐந்து நிமிட எல்லையும் அக்குறையை மிகுவிக்கின்றது. மறுபுறம், இதனால் விளைந்த நன்மையும் உண்டு. மாறாத அடியின் மேல் இராகத்தின் அசைவு தெளிவாகப் புலப்படுகின்றது. அசையாத கரையருகே ஆற்றின் ஓட்டம் நன்கு தோன்றுவது போல. தாழ்சுரப்பொறி ஒரே தொடரை மீள மீளக் கூறுவது, தம்புராவின் இடையறாத சுருதிக்கு ஒருவகை மாற்றாகவும் அமைகின்றது. இந்திய இசை பண்டுதொட்டே இடையறா ஒலியின் மேல் கட்டப்பட்டது. ‘பீட்ரா’வின் ஜேர்மனியர் மூவரும் வேறொரு வழியாக அவ்விடையறா ஒலியை நாடினர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அவர்கள் இராகம் இன்றி அதன் மேல் நிறங்களைப் பரப்பினர். சரண்ஜித் சிங் இராகத்தை நிறுத்தினார். இவ்வொற்றுமையும் வேற்றுமையுமே திறனாய்வு பேசவேண்டிய பொருள்; எவர் முந்தினர் என்பதன்று.

இவ்வாறு கருவியையும் இலக்கணத்தையும் ஒருங்கே நோக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதியைத் தனித்தனியே வகுக்கின்றது. குழலோனை யாழின் இலக்கணத்தால் அது அளக்கவில்லை. ஐரோப்பிய வயலின் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கருநாடக இசையுள் புகுந்தபோது அது அந்நியக் கருவியே. கமகத்துக்கு இசைந்ததனால் நம் கருவியாயிற்று. நம் நாட்டில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர், பௌதிகவியல் பயின்ற அறிவையும் சங்கத் தமிழ்ப் புலமையையும் இணைத்து, யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ தந்தார். ஒலியின் எண்ணும் இசையின் பண்ணும் பகையல்ல என்பதற்கு அந்நூல் சான்று. மின்னிசைக் கருவிகளை ஆராயப் புகும் தமிழ் மாணவர்க்கு அவர் வகுத்த பாதையே தக்க பாதையாகும்.

இவ்வாராய்ச்சி பம்பாயையும் பேர்லினையும் மட்டும் சார்ந்தது எனக் கருதற்க. மலைநாட்டிலே தப்பு என்ற தோற்கருவி ஒரு காலத்தில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது, மாசித் திங்களில் காமன் கூத்தை நடத்திற்று, இறப்பிலும் ஒலித்தது. அதன் அடிகளில் வகைகளும் முறைகளும் உண்டு. எனினும் கற்றோர் பலர் அதனைச் சத்தம் என்றனரேயன்றி இசை என்றாரல்லர். கருவியின் மேல் ஏற்றிய சாதிப்பழி செவியை அடைத்துவிட்டது. ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்தமையால் சொல் பிழைத்தது. தப்பின் அடிகளை அவற்றின் இலக்கணத்தோடு எழுதிவைக்கும் பணியோ அவ்வளவு விரிவாக நடைபெறவில்லை. பிறநாட்டார் ஒருவர் அதனைக் கண்டெடுத்து, ஏதோவொரு புதிய நடன இசைக்கு முன்னோடி எனப் புகழ்ந்த பின்னர்தான் நாம் செவிசாய்ப்போமாயின், சரண்ஜித் சிங்குக்கு நேர்ந்ததே தப்புக்கும் நேர்ந்ததாக முடியும்.

பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையே புகையிரதம் மலைமுகட்டுச் சுரங்கத்தைக் கடக்கின்றது. சுரங்கத்தின் ஒருபுறம் மூடுபனியும் மழையுமாயிருக்க, மறுபுறம் வெயில் எறித்தல் பயணிகள் பலர் கண்டது. மலை ஒன்றே, இருபுறத்து வானிலையே வேறு. ஒருபுறத்தே மட்டும் நின்று மலையின் தன்மையை உரைப்போன் வானிலையை உரைக்கின்றானேயன்றி மலையை உரைத்தானல்லன். 1982இன் மௌனமும் 2010இன் ஆரவாரமும் அத்தகைய இருபுறத்து வானிலைகள்.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு பெருங்காவியம் அன்று. நுட்பமான இராகங்கள் சிலவற்றில் அது குறைவுடையது. எளிய உருவமுடையவற்றில் நிறைவுடையது. புதிய கருவியைக் கண்டு அஞ்சாது, அதனிடம் பழைய பொருளொன்றைச் சொல்லுமாறு பணித்தமையால் துணிவுடையது. இத்துணிவுக்குரிய மதிப்பு அதன் ஆண்டினால் வருவதன்று. வேறோர் இசையின் முன்னுரையாக நிற்பதனால் வருவதுமன்று. பத்து இராகங்களையும் இராகங்களாகவே ஒருமுறை கேட்டல், அத்தட்டைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றினும் மேலான திறனாய்வாகும்.